எம்மூர்க் கடையும் அஞ்சலகமும்

சிற்றூர் ஒன்று உலகத்தோடு உறவாடுதற்கு இரண்டு வாயில்கள் வேண்டும். ஒன்று பொருள் வரும் வாயில். மற்றொன்று செய்தி வரும் வாயில். உப்பும் புளியும் மண்ணெண்ணெயும் முதலாவதன் வழியே வரும்; பிரிந்து சென்றோரின் நலமும், அவர் ஈட்டிய பணமும் இரண்டாவதன் வழியே வரும். முன்னதைப் பலசரக்குக் கடை என்றும் பின்னதை அஞ்சலகம் என்றும் வழங்குகின்றோம். நகரவாசிகளுக்கு இவை தம்முள் தொடர்பில்லாத இரு நிலையங்கள். நாட்டுப்புறத்திலோ இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ், ஒரே மனிதரின் பொறுப்பில் நெடுங்காலம் நடந்து வந்தன. இஃது எங்ஙனம் நேர்ந்தது என்பதையும், அதனால் விளைந்த ஓர் இடர்ப்பாட்டையும், அவ்விடர்ப்பாட்டை நல்லோர் எவ்வாறு வென்றனர் என்பதையும் இச்சிறு கட்டுரையில் ஒருவாறு கூற முயல்வேன்.

நம் நாட்டு அஞ்சல் வரலாற்றில் 1854ஆம் ஆண்டு மிகவும் முக்கியமானது. அதற்கு முன்னர்க் கடிதத்தின் கூலி தூரத்தைப் பொறுத்திருந்தது. நெடுந்தொலைவுக்கு எழுதுதல் செல்வர்க்கே இயல்வதாயிற்று. அவ்வாண்டின் சட்டம் அம்முறையை மாற்றிற்று. கால் தோலா எடைக்கு மேற்படாத கடிதம் தூத்துக்குடியிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லினும், பெஷாவருக்குச் செல்லினும் அரையணாவே கூலி என்றாயிற்று. 1879இல் காலணா விலையுள்ள அஞ்சலட்டை வந்தது. 1880இல் மணியார்டர் முறை அஞ்சலகத்தின் பொறுப்பில் வந்தது. 1882இல் சேமிப்பு வங்கி தொடங்கிற்று. 1892இல் வங்காளத்தில் தொடங்கிய ஓர் ஏற்பாட்டின்படி, முறைக்காய்ச்சலுக்குரிய கொயினா மருந்து பைசாப் பொட்டலங்களாக அஞ்சலகங்களிலேயே விற்கப்பட்டது. இவ்வாறாக, கடிதம் வாங்கிக் கொடுக்கும் இடமாயிருந்த அஞ்சலகம் ஏழைகளின் வங்கியாகவும், ஒருபுறம் மருந்துக் கடையாகவும் வளரலாயிற்று.

ஆயினும், நாளொன்றுக்குப் பத்துக் கடிதங்களே வரும் சிற்றூரில் கட்டடம் எழுப்பி, முழு நேர எழுத்தர் ஒருவரை அமர்த்திச் சம்பளம் கொடுப்பது எங்ஙனம் கட்டும்? இவ்வினாவிற்கு அஞ்சல் துறையார் கண்ட விடை எளியது. ஊரிலேயே வேறு தொழில் செய்து பிழைக்கும் ஒருவரைத் தெரிந்து, அவரிடம் முத்திரையையும் பையையும் ஒப்புவித்து, சிறு படித்தொகை அளித்தனர். இடமும் அவருடையதே, விளக்கும் அவருடையதே. அவர் துறையின் முழு ஊழியர் அல்லர். ஆகவே துறைக்குப் புறம்பான ஊழியர் என்றே பெயர் பெற்றார். வேறு வருவாய் உடையவராயிருத்தலே அவருக்கு வேண்டிய தகுதிகளுள் ஒன்றாயிற்று. பல ஊர்களில் பள்ளி ஆசிரியரும், பல ஊர்களில் கடைக்காரரும் இப்பணியை ஏற்றனர். கடைக்காரர் எழுத்தறிந்தவர், கணக்கறிந்தவர், பூட்டும் பெட்டியும் உடையவர், வைகறை முதல் விளக்கேற்றும் நேரம் கடந்தும் ஓரிடத்திலேயே அமர்ந்திருப்பவர். ஊரார் அனைவரும் நாள்தோறும் அவர் முன்னிலையில் ஒருமுறையேனும் வந்து நிற்பர். அஞ்சலகத்திற்கு இவரினும் ஏற்றவர் யாவர்?

எம்மூர் அஞ்சலகமும் இவ்வாறே கடையில் பிறந்தது. திருநெல்வேலிச் சீமையின் தென்கிழக்கே, இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த தேரி நிலத்தில் எம்மூர் உள்ளது. செம்மணல் மேடும், மேட்டைச் சூழ்ந்த பனைகளும், பனைகளுக்கு நடுவே ஓர் ஆலயக் கோபுரமும் அதன் அடையாளங்கள். பழைய நாளில் ஊராரின் வாழ்வு பனையை நம்பியிருந்தது. பனையேறுங் காலம் ஆண்டிற்குச் சில மாதங்களே. அம்மாதங்களில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டியாக்கி விற்றுக் கையில் காசு காண்பர். எஞ்சிய மாதங்களில் கடையில் பற்று வைத்து உண்பர். கடைக்காரர் அரிசியையும் வற்றலையும் எண்ணெயையும் கடனாகக் கொடுத்துப் பேரேட்டில் எழுதிக்கொள்வார். பருவம் வந்ததும் கருப்பட்டியாகவோ காசாகவோ பெற்றுக்கொள்வார். ஆகவே ஊரில் பெரும்பாலோர் ஆண்டின் பெரும்பகுதியும் அவருக்குக் கடனாளிகளாகவே இருந்தனர்.

பனையால் மட்டும் வயிறு நிரம்பாத குடும்பங்களின் ஆடவர் இலங்கைக்குச் சென்றனர். தூத்துக்குடியிலிருந்து கப்பல் வழியும், 1914 முதல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியும் அவர்களுக்குத் திறந்திருந்தன. கொழும்பு நகரத்துக் கடைகளில் அவர்கள் மூட்டை தூக்கியும், தராசு பிடித்தும், கணக்கு எழுதியும் பொருளீட்டினர். அவர்கள் விடுக்கும் கடிதத்தைக் 'கொழும்புக் காகிதம்' என்றே எம்மூரார் வழங்கினர். அஞ்சற்பை வரும் வேளையில் கடைத் திண்ணையில் பெண்டிர் கூடியிருப்பர் என்றும், “அண்ணாச்சி, எங்க வீட்டுக்குக் காகிதம் உண்டுமா?” என்னும் ஒரே கேள்வி பத்துக் குரலில் எழும் என்றும் என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். எழுத்தறியாதார்க்குக் கடிதத்தைப் படித்துச் சொல்லுவதும், அவர் சொல்லச் சொல்ல மறுமொழி எழுதுவதும் அக்கடைக்காரரின் வேலையாயின. இவற்றிற்கு அவர் கூலி பெற்றதில்லை.

இங்கேதான் நான் முன்னர்ச் சுட்டிய இடர்ப்பாடு பிறக்கின்றது. கொழும்பிலிருந்து மணியார்டர் வருகின்றது. பெறுவதற்குரியவள் கடனாளி. கொடுப்பதற்குரியவர் அஞ்சலகத் தலைவர். அவரே அவளுக்குக் கடன் கொடுத்தவர். பணம் எவ்வளவு, எப்போது வந்தது என்பவற்றை அவளுக்கு முன்னரே அவர் அறிவார். அவளோ எழுத்தறியாள், பெருவிரலை மையில் தோய்த்துப் பதிக்க மட்டும் அறிவாள். துறையின் விதி தெளிவானது: வந்த தொகை முழுவதையும் உரியவர் கையில் கொடுத்தல் வேண்டும், கைந்நாட்டுக்குச் சாட்சி ஒருவர் வேண்டும். ஆனால், மேற்பார்வையாளர் என்றோ ஒருநாள் வந்து போகும் சிற்றூரில், விதியின் கண் எவ்வளவு தூரம் எட்டும்?

எம்மூர்க் கடைக்காரர் இதற்கு ஒரு முறை வகுத்துக்கொண்டிருந்தார். கடையில் அவருக்கு இரண்டு இருக்கைகள். பெட்டியடியில் இருக்கும்போது அவர் வணிகர். அங்கே கல்லாப்பெட்டியும் பேரேடும் இருந்தன. மறுபுறம் சன்னலோரம் ஒரு சிறு மேசையும் முக்காலியும் இருந்தன. மேசையின்மேல் முத்திரையும் மைத்தட்டும், அதன் கீழே அஞ்சலகத்தின் பூட்டிய பெட்டியும் இருக்கும். மணியார்டர் வந்தால் அவர் பெட்டியடியை விட்டெழுந்து மேசைக்குச் செல்வார். சாட்சியை அழைப்பார். தொகையை உரக்கச் சொல்லுவார். அஞ்சற்பெட்டியிலிருந்து பணத்தை எடுத்து, ஒவ்வொன்றாக எண்ணி, அப்பெண்ணின் கையிலேயே வைப்பார். கைந்நாட்டு வாங்கிப் பெட்டியைப் பூட்டுவார். அதன் பின்னரே எழுந்து பெட்டியடிக்கு வந்து அமர்ந்து, பேரேட்டைத் திறந்து, “தாயி, உன் பற்று இவ்வளவு ஆகிறது, இன்றைக்கு எவ்வளவு தருகிறாய்?” என்பார். மேசைக்கும் பெட்டியடிக்கும் நான்கடி தூரமே. ஆயினும் அந்நான்கடிக்குள் அவள் தன் பணத்துடன் கடையை விட்டு இறங்கிப் போகலாம். அவ்வுரிமை அவளுக்கு உண்டு என்பதை அவரும் அறிவார், அவளும் அறிவாள்.

ஒருநாள் ஒருத்தி அவ்வாறே இறங்கிப் போனாள். அவள் என் பாட்டியாரின் அன்னை. அவ்வாண்டு பருவம் பொய்த்துப் பற்று ஏறியிருந்தது. அந்நிலையில் வந்த மணியார்டரை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பெட்டியடிப் பக்கம் திரும்பிப் பாராமல் அவர் படியிறங்கினாராம். மிஷன் பெண்கள் பாடசாலையில் விடுதிக் கட்டணம் செலுத்துதற்கு மறுநாளே கடைசி நாள். கடைக்காரர் கூப்பிடவில்லை. அதன் பின்னர் அரிசி கேட்டுச் சென்றபோது மறுக்கவுமில்லை. பேரேட்டில் பழைய பற்றின் கீழே புதிய பற்றை எழுதிக்கொண்டார். அடுத்த பருவத்துக் கருப்பட்டியில் அக்கடன் தீர்ந்தது. என் பாட்டியார் படித்து ஆசிரியை ஆனார். அவர் மக்கள் படித்தனர். அவர் பேரன் ஆகிய நான் இன்று இக்கல்லூரியில் தமிழ் பயில்கின்றேன். இதனை நினைக்குந்தோறும், எங்கள் குடும்பத்தின் கல்விக்கு அடித்தளமாய் இருந்தது அந்த நான்கடித் தரையே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எல்லாக் கடைக்காரரும் அவ்வாறு இருந்தனரல்லர். அண்டை ஊர் ஒன்றில், வந்த பணத்தில் தம் கடனைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் நீட்டிய ஒருவரைப் பற்றியும் பாட்டியார் சொல்லுவார். கடன் உண்மையான கடனே. கழித்த தொகையில் ஒரு காசும் பொய்யில்லை. ஆயினும் அவ்வூர்ப் பெண்டிர் நாளடைவில் கொழும்புக்குச் சொல்லியனுப்பி, தத்தம் பணத்தை எம்மூர் விலாசத்திற்கே வரவழைத்தனராம். தமக்கு வரவேண்டியதை எடுத்தவரிடம் அவர்கள் கண்ட குற்றம் யாது? இரு பெட்டிகளை ஒரு பெட்டியாக்கினார் என்பதே. பிறர் பணம் தம் கையில் இருக்கும்வரை அது பிறர் பணமே என்பதை அவர் மறந்தார்.

இவ்விடர்ப்பாடு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கடையும் அஞ்சலகமும் ஒன்றாயிருந்த நாடுகளில் எல்லாம் இது தலைகாட்டியே இருக்கும். அமெரிக்க நாட்டின் நாட்டுப்புறங்களில் இவ்விணைப்பு மிகப் பரவியிருந்தது. அந்நாட்டு அஞ்சலகத் தலைவருள் உலகம் நன்கறிந்த ஒருவரின் வரலாற்றை ஈண்டு நினைவு கூர்தல் பொருத்தமாகும்.

ஆபிரகாம் லிங்கன் இளமையில் இல்லினாய் மாநிலத்தில் நியூ சேலம் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். பெரி என்பாரோடு கூட்டுச் சேர்ந்து அங்கே ஒரு கடை நடத்தினார். கடை நொடித்தது, கூட்டாளி 1835இல் இறந்தார், கடன் முழுவதும் லிங்கன் தலையில் விழுந்தது. அது ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட தொகை என்பர். வேடிக்கையாக அதனை அவர் 'தேசியக் கடன்' என்று குறிப்பிட்டதுண்டு. கடை சாய்ந்துகொண்டிருந்த காலத்தில், 1833ஆம் ஆண்டு மே மாதம், அவர் அவ்வூரின் அஞ்சலகத் தலைவராக அமர்த்தப்பட்டார். அவருக்கு முன் அப்பதவியிலிருந்த கடைக்காரர், மது வாங்க வந்த ஆடவரை முதலிற் கவனித்து, கடிதத்திற்காக வந்த பெண்டிரைக் காக்க வைத்தார் என்றும், அதனால் ஊரார் முறையிட்டனர் என்றும் கூறுவர். ஒரே கூரையின்கீழ்க் கடை அஞ்சலகத்தை விழுங்கிய கதை அது. லிங்கனோ வழியிற் செல்லும்போது கொடுத்துவிடலாம் என்று கடிதங்களைத் தம் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு நடப்பாராம். அக்காலத்தில் கடிதக் கூலியைப் பெரும்பாலும் பெறுவோரே கொடுக்கவேண்டியிருந்தது. ஆகவே அரசாங்கத்திற்குரிய காசு சிறுகச் சிறுக அவர் கையில் சேர்ந்தது.

1836இல் அவ்வஞ்சலகம் வேறூருக்கு மாற்றப்பட்டது. கணக்கில் எஞ்சிய தொகையைப் பெற்றுக்கொள்ள அரசாங்கத்தார் ஆள் உடனே வரவில்லை. பின்னர், லிங்கன் ஸ்பிரிங்பீல்டு நகரில் வறுமையோடு வழக்கறிஞர் தொழில் தொடங்கியிருந்த நாளில், அவ்வாள் வந்து சேர்ந்தார். உடனிருந்த நண்பர், இவரிடம் பணம் இராதே என்று அஞ்சித் தாம் கடன் தர முன்வந்தாராம். லிங்கன் தம் பெட்டியைத் திறந்து, ஒரு பழைய துணியில் முடிந்து வைத்திருந்த காசுகளைக் கொட்டினார். தொகை சரியாக இருந்தது. கடைக் கடனுக்காகத் தம் குதிரையும் நில அளவைக் கருவிகளும் ஏலத்திற்குப் போன காலத்திலும், அம்முடிச்சை அவர் அவிழ்க்கவில்லை. தம் கடனை அவர் பல ஆண்டு உழைத்து முற்றும் தீர்த்தார். ஆனால் பிறர் பணத்தால் தீர்க்கவில்லை. இக்கதை நண்பர் வாயிலாகவே நமக்குக் கிடைத்தது. எனினும் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் பலர் இதனைப் போற்றி வைத்துள்ளனர். நியூ சேலத்து ஏழை இளைஞரின் துணி முடிச்சும், எம்மூர்க் கடைக்காரரின் பூட்டிய பெட்டியும் ஒரே அறத்தைப் பேசுகின்றன.

அமெரிக்காவில் இவ்விணைப்பு தளர்ந்த வரலாறும் அறியத்தக்கது. 1901இல் அந்நாட்டில் 76,945 அஞ்சலகங்கள் இருந்தன. அந்நாட்டு வரலாற்றில் அதுவே உச்சம். அவற்றுட் பெரும்பாலானவை சிற்றூர்களில், பல கடைகளின் மூலையில், நடந்தவையே. 1889 முதல் 1893 வரை அஞ்சல் துறைத் தலைவராயிருந்த ஜான் வானமேக்கர் என்பார், உழவர்தம் வீட்டு வாயிலுக்கே கடிதம் செல்லவேண்டும் என்று வாதாடினார். அவர் தாமும் ஒரு கடைக்காரர். பிலடெல்பியா நகரில் பெரும் பண்டசாலை உடையவர். நாட்டுப்புறக் கடைக்காரர் பலர் இதனை எதிர்த்தனர். கடிதம் வாங்க வருவோரே உப்பும் சர்க்கரையும் வாங்குவோர் அல்லரோ? எனினும் 1896இல் அம்முறை சோதனையாகத் தொடங்கி, விரைவில் நிலைபெற்றது. 1913இல் பார்சல் அஞ்சலும் வந்தது. கடை மூலையில் இருந்த சிற்றஞ்சலகங்கள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. சென்னை எஸ்பிளனேடில் 1900ஆம் ஆண்டு முதல் நிற்கும் கிறிஸ்தவ வாலிபர் சங்கக் கட்டடம் இவ்வானமேக்கரின் கொடையால் எழுந்தது என்பதை நம் மாணவர் பலர் அறியார். அங்குள்ள சிற்றூர்க் கடையின் வாழ்வை மாற்றியவரின் கை, இங்குள்ள மாணவர்க்கும் நிழல் தந்தது.

நம் நாடு வேறு வழியிற் சென்றது. சிற்றஞ்சலகங்களை மூடாமல் பெருக்கிற்று. 1947இல் 23,344 ஆக இருந்த அஞ்சலகங்கள் இன்று ஒன்றரை லட்சத்திற்கு மேற்பட்டன. பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு கிராமங்களில் உள்ளவை. அவற்றுட் பெரும்பாலானவற்றை நடத்துவோர், கிராமிய அஞ்சல் ஊழியர் என்று இன்று பெயர் பெற்ற, நாள் ஒன்றுக்குச் சில மணி நேரமே பணியாற்றும் ஊழியரே. பெயர் மாறிற்று, வேறு பிழைப்பும் உடையவராயிருத்தல் வேண்டும் என்னும் பழைய நினைவு மாறவில்லை. ஆனால் அவரைத் தெரிந்தெடுக்கும் முறை மாறிவிட்டது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு இணையவழியே தெரிவு நடைபெறுகின்றது. அறுபத்தைந்து வயது நிறைந்தால் பணி முடிகின்றது.

எம்மூரிலும் அவ்வாறே நடந்தது. பழைய கடைக்காரருக்குப் பின் அவர் மகனார் பணியாற்றி, வயது நிறைந்து ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவர் வேற்றூரிலிருந்து வந்த இளம்பெண். வாடகை அறையொன்றில் இப்போது அஞ்சலகம் நடைபெறுகின்றது. கடை இன்னும் இருக்கின்றது. சன்னலோரத்து மேசையின்மேல் பிஸ்கோத்துப் புட்டிகள் இருக்கின்றன. கொழும்புக் காகிதம் வந்து நெடுநாளாயிற்று. வளைகுடா நாடுகளில் உழைக்கும் எம்மூர் இளைஞர்தம் பணம் வங்கிகளின் வழியே வருகின்றது. ஆயினும் 2018இல் தொடங்கிய அஞ்சல் துறையின் பணப்பட்டுவாடா வங்கியால், முதியோர் சிலர் தம் உதவித்தொகையை அவ்விளம்பெண்ணின் கையிலிருந்தே பெறுகின்றனர். முன்னர் மையில் தோய்ந்த பெருவிரல், இப்போது சிறு கருவியின் கண்ணாடிமேல் பதிகின்றது. கருவி ஆளை அறிகின்றது, தொகையையும் அறிகின்றது. ஆனால் எழுத்தறியாத மூதாட்டிக்குத் திரையில் உள்ள எண்ணைப் படித்துச் சொல்லி, அவ்வளவையும் அவள் கையில் எண்ணி வைப்பது இன்றும் ஒரு மனிதரே. விதியும் கருவியும் வளர்ந்தன. இருந்தும் நான்கடித் தூரம் ஒன்று எங்கோ எஞ்சியே நிற்கின்றது. அதனைக் கடப்பது அவரவர் நேர்மையே.

மாணவராகிய நாமும் நாளை பிறர் பொருளுக்குப் பொறுப்பேற்கப் போகின்றவர்களே. வங்கியிலோ பள்ளியிலோ சபையிலோ அரசாங்க அலுவலிலோ, நமக்குக் கடன்பட்டவரின் பணமும், நாம் வெறுப்பவரின் பணமும், நமக்கே மிகவும் தேவைப்படும் காலத்தில் பிறர் பணமும் நம் கைவழியே செல்லும். அப்போது நமக்கு வேண்டியது பெருந்தியாகம் அன்று. இரு பெட்டிகளையும் இரு பெட்டிகளாகவே வைத்துக்கொள்ளும் சிறு ஒழுக்கம்.

தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்த பெரியோர், பிறர் உடைமையைப் பேணிக் கணக்கொப்புவிக்கும் ஊழியனைக் குறிக்க 'உக்கிராணக்காரன்' என்னும் சொல்லை எடுத்தாண்டனர். உக்கிராணம் என்பது உண்பொருள் சேர்த்து வைக்கும் அறை. அரிசியும் பருப்பும் எண்ணெயும் அடுக்கிய அறையின் திறவுகோலை வைத்திருப்பவனே உக்கிராணக்காரன். இச்சொல்லை ஞாயிறுதோறும் ஆலயத்தில் கேட்டு வளர்ந்த எனக்கு, அதன் பொருளைக் கற்பித்தது அகராதியன்று. எங்கள் கொள்ளுப்பாட்டியார் திரும்பிப் பாராமல் இறங்கிப் போன அந்நாளில், பெட்டியடியில் வாய்திறவாது அமர்ந்திருந்த பலசரக்குக் கடைக்காரரே.